சீனாவில் மோல்டு டிரையல், கண்டிகையில் புஷ்பா

எங்கள் தொழிற்சாலையின் டூல்ரூமிலிருந்து அடுத்து யாரைச் சீனாவுக்கு அனுப்புவது என்று பேச்சு நடக்கிறது. கேண்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, அங்க சோறு கெடைக்குமா?" என்று கேட்கிறார்கள். சோறு கிடைக்கும். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வேறொன்று கிடைக்காது. அதைக் கேண்டீனில் நின்றுகொண்டு சொல்ல முடியாது என்பதால் எழுதிவைக்கிறேன்.

1. முதல் நாள்

நான் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்காரன். காருக்குள் பார்க்கிறீர்களே, டேஷ்போர்டு, கதவுக் கைப்பிடி, ஏசி காற்று வரும் ஜன்னல், அந்தப் பிளாஸ்டிக் சாமான் எல்லாம் இரும்பு அச்சில் உருக்கி ஊற்றி வருபவை. அந்த அச்சுதான் மோல்டு. எங்கள் தொழிற்சாலை ஆந்திரா பார்டருக்கு அந்தப் பக்கம். வீடு திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகை. கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வருகிறவன். என்னை விமானத்தில் ஏற்றியது ஒரு மோல்டு.

பெரிய மோல்டுகளைச் சீனாவில் செய்து வாங்குவோம். கப்பலில் ஏற்றுவதற்கு முன் நம் ஆள் ஒருவர் அங்கேயே போய், அதை மெஷினில் மாட்டி, ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பெயர் டிரையல். அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டார். ஜி.எம். என்னைக் கூப்பிட்டார்.

"தேவராஜு, உனுக்கு பாஸ்போர்ட்டு இருக்குதா?"

"இருக்குது சார். மச்சினன் எடுத்துக் குடுத்தான், சும்மா."

"சும்மா எடுத்ததுக்கு இப்ப வேலை வந்துட்ச்சி, போ."

தென் சீனாவில் ஒரு தொழிற்பேட்டை ஊர். ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வைஃபை போட்டேன். வாட்ஸ்அப்பைத் திறந்தேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கூகுள் வரவில்லை. ஜிமெயில் வரவில்லை. யூடியூப் வரவில்லை. நெட் இல்லையா என்றால், இருக்கிறது. ரிசப்ஷனில் இருந்த பெண் அவள் போனில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த நாட்டு அரசாங்கம் எதைத் திறந்துவிட்டிருக்கிறதோ அது மட்டும் வரும். நாம் பழகியது ஒன்றும் அதில் இல்லை.

எங்கள் ஐ.டி. செக்‌ஷன் தம்பி கிளம்பும்போதே சொல்லியிருந்தார்: "சார், அங்க போயி ஒரு விபிஎன் போட்டுக்குங்க, எல்லாம் வந்துரும்." விபிஎன் என்றால், நம் போனிலிருந்து போகும் தகவலை வேறொரு நாட்டுக் கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றி அனுப்பும் ஆப். தடுப்பு வைத்திருப்பவர்களுக்கு நாம் எங்கே போகிறோம் என்பது தெரியாது. நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஆப்பை இறக்க வேண்டிய கூகுள் கடையே அங்கே திறக்காது. வீட்டுக்குள் சாவியை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்ற கதை. அந்தத் தம்பியை மனதுக்குள் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுதக்கூடாது.

மற்றவர்களாக இருந்தால் ஐ.எஸ்.டி. போட்டு, "வந்து சேந்துட்டேன், சாப்பிட்டேன், தூங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார்கள். என்னால் முடியாது. என் மனைவி புஷ்பாவுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் வராது. எங்கள் பேச்சு முழுக்கக் கைதான். அது பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் சைகை மொழிகூட இல்லை. பாதி அவள் சிறுவயதில் வீட்டில் உண்டாக்கியது, பாதி கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கியது. சட்டைப் பையை இரண்டு விரலால் தட்டினால் அது என் பெயர். பையில் எப்போதும் ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பேன். இரண்டு கையையும் தோளில் வைத்து லேசாக ஆடினால் காவடி, அதாவது மலைக்கோயில். எழுதப் படிக்க அவளுக்குக் கொஞ்சம் வரும். ஆனால் எழுத்தில் அவள் புஷ்பா இல்லை. "சாப்டியா" என்று எழுதுவாள், அவ்வளவுதான். கையில்தான் அவளுக்குக் கிண்டல், கோபம், கொஞ்சல் எல்லாம்.

அன்றைக்கு நான் இறங்கினேனா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது. விமான நிலையத்தில் வாங்கிய அந்த ஊர் சிம்மிலிருந்து மச்சினன் முரளிக்கு ஐ.எஸ்.டி. போட்டுச் சொன்னேன். "சொல்லிட்டேன் பாவா, ஏரோப்ளேன் மாதிரி கைய காட்டி கீழ எறக்கிட்டேன். அக்கா அழுதுகினே இருக்கு. ஏரோப்ளேன் விழுந்துட்ச்சின்னு நெனச்சிகிச்சோ இன்னாவோ" என்றான்.

2. இரண்டு பக்கமும் பூட்டு

மறுநாள் மோல்டு செய்யும் இடத்தில் என்னை வரவேற்றது லின் என்ற பெண். ப்ராஜெக்ட் இன்ஜினியர். என் வயதுக்குத் தங்கை முறை ஆகும். அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே அளவில் இருந்ததால் நன்றாகப் புரிந்தது. வீட்டோடு பேச முடியவில்லை என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே அவர்கள் ஊர் ஆப் ஒன்றைக் காட்டினார். அங்கே காய்கறி வாங்குவதும் அதில்தான், காதலிப்பதும் அதில்தான். "உங்கள் மனைவியையும் இதைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், வீடியோ பேசலாம்."

முரளிக்கு மறுபடி ஐ.எஸ்.டி. "பாவா, அத்த நம்ம கவர்மென்ட்டு எப்பவோ தட பண்ணிட்ச்சே. எறங்கவே எறங்காது."

நம் ஆப் அங்கே வராது. அவர்கள் ஆப் இங்கே வராது. இரண்டு அரசாங்கமும் தங்கள் தங்கள் கதவைச் சாத்திக்கொண்டன. அவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். அதில் எதையும் புஷ்பாவுக்குக் கையால் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

கம்பெனி மெயில் மட்டும் வந்தது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். அறையில் போனை டீ கெட்டிலில் சாய்த்து வைத்து, அதன் முன் நின்று கையால் பேசி வீடியோ எடுப்பேன். அதைக் கம்பெனி மெயிலில் எச்.ஆர். கோமதி மேடத்துக்கு அனுப்புவேன். அவர் தன் போனில் ஏற்றி வாட்ஸ்அப்பில் புஷ்பாவுக்கு அனுப்புவார். புஷ்பா பதில் வீடியோ எடுத்து மேடத்துக்கு அனுப்புவாள். மேடம் மெயிலில் எனக்கு. சம்பள பில் போடுகிற மேடத்துக்கு இந்த வேலையும் சேர்ந்தது. அவர் ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை.

"சார், உங்க வீடியோவ நான் பாக்கறதில்ல. ஓப்பன் ஆவுதான்னு மட்டும் பாத்துட்டு அனுப்பிடுவேன்" என்று போனில் ஒருமுறை கூச்சத்தோடு சொன்னார்.

"பாருங்க மேடம். பாத்தாலும் யாருக்கும் பிரியாது" என்றேன்.

உண்மைதான். உன் பக்கத்தில் படுக்காமல் தூக்கம் வரவில்லை என்று நான் கம்பெனி மெயிலில் அனுப்பியிருக்கிறேன். அது சர்வரில் இன்னும் இருக்கும். ஆடிட்டர் வந்து பார்த்தாலும், தேவராஜ் ஏதோ உடற்பயிற்சி செய்கிறான் என்றுதான் நினைப்பார்.

ஆனால் வீடியோ அனுப்புவது பேச்சாகாது. நான் சொல்லும்போது அவள் முகம் மாறுவதைப் பார்க்க முடியாது. பாதியில் குறுக்கே புகுந்து என் கையைத் தட்டிவிட மாட்டாள். சண்டைகூடப் போட முடியவில்லை. ஊரில் நாங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பேசுகிறவர்கள். திருத்தணி ஸ்டேஷனில் எலக்ட்ரிக் டிரெயின் கிளம்பிய பிறகும் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டே போவோம். கிருத்திகைக் கூட்டத்தில் மேளமும் அரோகராவும் காதைப் பிளக்கும்போது மற்ற ஜோடிகள் எல்லாம் கத்திக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் நிம்மதியாக ஊர்வம்பு பேசுவோம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே எதுவும் குறுக்கே வந்ததில்லை. வந்தது இதுதான் முதல் தடவை.

3. கோயமுத்தூர்க்காரர் கொடுத்த வழி

காலைச் சாப்பாட்டு அறையில் பம்பு பாகங்கள் வாங்க வந்திருந்த ஒரு கோயமுத்தூர்க்காரரைப் பார்த்தேன். அடிக்கடி வருகிறவர். என் கதையைக் கேட்டு இட்லிப் பொடியை என் பக்கம் தள்ளினார்.

"ஏனுங்க, விபிஎன்ன ஊர்லயே போட்டுட்டு வரோணுமுங்க. இங்க வந்து தேடுனா எப்புடிங்க கெடைக்கும்? போனக் குடுங்க."

அவர் போனிலிருந்து என் போனுக்கு நேராக அந்த ஆப்பை அனுப்பினார். அந்த ஊர்ச் சட்டத்துக்கு அது சரியில்லை என்பதையும் அவரே சொன்னார். வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் செய்கிறார்கள், யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க மாட்டார்கள் என்று எழுதிக் கொடுக்க முடியாது என்றார். நான் பயந்த சுபாவக்காரன். அன்றைக்குப் பயப்படவில்லை.

புஷ்பா வந்தாள். திரையில் அவள் முகம் வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் கையை அசைக்கவே இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் கன்னத்தை இரண்டு விரலால் கிள்ளி உள்ளே இழுத்துக் காட்டினாள். இளைத்துவிட்டாயாம்.

விபிஎன்னில் படம் விட்டு விட்டுத்தான் வரும். காது கேட்கிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் ஓடிக்கொண்டிருக்கும், பேச்சு தொடரும். எங்களுக்குப் படம் நின்றால் பேச்சு நின்றது. அவள் கை பாதி வானத்தில் அப்படியே நிற்கும். மறுபடி அசையும்போது பேச்சு எங்கேயோ போயிருக்கும். அதனால் மெதுவாகப் பேசப் பழகினோம். ஒரு வார்த்தை, நிறுத்தம், அடுத்த வார்த்தை. வேகமாகப் பேசி என்னை மடக்குவதுதான் புஷ்பாவின் பெருமை. இந்த நிதானம் அவளுக்குப் பிடிக்கவில்லை. கிழவன் கிழவி மாதிரி பேசுகிறோம் என்று முதுகை வளைத்துக் காட்டினாள்.

ஒரு வாரம்போல் ஓடியது. பிறகு ஒரு காலை விபிஎன்னும் சுற்ற ஆரம்பித்தது. தலைநகரத்தில் ஏதோ பெரிய கூட்டம், அந்த மாதிரி நேரத்தில் இறுக்கிவிடுவார்கள் என்று கோயமுத்தூர்க்காரர் சொன்னார். அன்றே அவரும் ஊருக்குக் கிளம்பினார். நான் டீ கெட்டிலுக்கும் கோமதி மேடத்துக்கும் திரும்பிப் போனேன்.

4. கறுப்பு நூல்

புஷ்பா ஜாக்கெட் தைக்கிறவள். தெருவில் அவள் தைத்ததைப் போடாதவர்கள் கிடையாது. அந்த வாரம் மேடம் வழியாக வந்த ஒரு வீடியோவில், இடது கண்ணுக்கு முன்னால் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் காட்டி, பிறகு நூல் காற்றில் மிதப்பதுபோல் விரலை அலைத்தாள். கறுப்பு என்றாள். பிறகு மின்னல் அடிப்பதுபோல் விரல்களை விரித்தாள். கடைசியில் உள்ளங்கையை முகத்தின் ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே இழுத்தாள். திரை. ஓரத்தில் திரை விழுகிறது.

மேடம் பார்த்திருந்தால் அது நூல் கடைக் கணக்கு மாதிரி தெரிந்திருக்கும். எனக்கு அது நூல் இல்லை. எங்கள் நைனாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது; கண்புரை என்று நினைத்து நாங்கள் நாள் கடத்த, அந்தக் கண் போயே போய்விட்டது. உடனே முரளிக்கு அடித்தேன். அடுத்த டிரெயினிலேயே சென்னையில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னேன். அவன் கேள்வி கேட்காமல் கூட்டிப் போனான்.

மறுநாள் மதியம் டிரையல் ஓடிக்கொண்டிருந்தது. அச்சின் ஒரு மூலையில் பிளாஸ்டிக் போய்ச் சேராமல் பாகம் குறையாகவே வந்துகொண்டிருந்தது. அதை ஷார்ட் ஷாட் என்போம். பிரஷரை ஏற்றுவதா, சூட்டை ஏற்றுவதா என்று லினோடு வாதாடிக்கொண்டிருந்த இடத்திலிருந்து விலகி முரளியைக் கூப்பிட்டேன்.

"பாவா, உள்ள விழித்திரை கிழிஞ்சிட்ச்சாம். இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும்ன்றாங்க. உட்டா மொத்தமா பூடுமாம். ஆனா அக்கா வரமாட்டேங்குது. பெஞ்ச கெட்டியா புடிச்சிகினு உக்காந்துகினு இருக்கு."

"ஏன்டா? என்னா சொல்லுது?"

"கைய கைய காட்டுது, எனுக்கு ஒண்ணும் பிரியல பாவா. உங்க பேரு மட்டும் பிரியுது. பையத் தட்டிகினே இருக்கு."

கையில் போனோடு நின்றேன். குரல் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. முரளி மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. அவள் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். காதில் வைத்தால் ஒன்றும் ஆகாது. காது கேட்காதவளுக்கு ஒரு கண் போனால் பாதிக் காது போன மாதிரி. அன்றைக்குள் அவளை எழுப்ப வேண்டும். எழுப்ப என்னால் மட்டும்தான் முடியும், எனக்கோ அவளிடம் போக வழியில்லை.

லின் வந்து, "மோல்டில் பிரச்சினையா?" என்றார். என் முகம் அப்படி இருந்திருக்கும். மோல்டு இல்லை, மனைவி என்றேன். காதைத் தொட்டு, இல்லை என்று கையாட்டி, கண்ணைக் காட்டி, கிழிவதுபோல் காட்டினேன். ஆங்கிலம் மறந்துபோய்விட்டது. அவருக்கு முழுக்கப் புரிந்தது. மெஷின் ஆபரேட்டரிடம் ஏதோ சொல்ல, அவர் பிளாஸ்டிக் குருணை இறங்கும் ஹாப்பரை மூடி, அது உருகும் குழாயான பேரலில் இருந்த பிளாஸ்டிக்கை வெளியே தள்ளத் தொடங்கினார். தள்ளாமல் நிறுத்தினால் உள்ளேயே கருகிவிடும். ஓடுகிற டிரையலை நிறுத்துகிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. அன்றைக்கு நிறுத்தியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லின் தன் பையிலிருந்து இரண்டாவது போன் ஒன்றை எடுத்தார். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசுவதற்கு வைத்திருப்பது. "இதில் ஹாங்காங் சிம். வெளியூர் சிம் ரோமிங்கில் இருந்தால் தகவல் அதன் சொந்த ஊர் வழியாகத்தான் போகும். தடுப்பு இல்லை" என்றார். அதிலிருந்து என் போனுக்கு ஹாட்ஸ்பாட் கொடுத்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நம் இந்திய சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். நான் கிளம்பும்போது என்ன செய்தேன்? கேஸ் புக்கிங், பேங்க் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தானே வரும், வீட்டில் இருக்கட்டும் என்று சிம்மைக் கழற்றிப் புஷ்பாவின் போனில் போட்டுவிட்டு வந்தேன். பேங்க் மெசேஜ் எல்லாம் அவளிடம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. நான்தான் வரவில்லை.

5. ஒரு கை வெளியே

விசிட்டர் அறையில் சிக்னல் சரியாக இல்லை. கழிவு பிளாஸ்டிக் கொட்டி வைக்கிற பின்முற்றத்துக்கு ஓடினேன். லின் தன் போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். புஷ்பா வந்தாள். ஆஸ்பத்திரி வராந்தா. இடது கண் கலங்கிச் சிவந்திருந்தது. அழுததாலா, மருந்தாலா தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் அதட்டினாள்: எங்கே போனாய், இத்தனை நாள் எங்கே போனாய்.

பிறகுதான் சொன்னாள். நர்ஸ் ஒரு துண்டை எடுத்து அவள் முகம் முழுக்க மூடிக் காட்டியிருக்கிறாள், ஆபரேஷனின்போது இப்படித்தான் இருக்கும், ஆடக்கூடாது என்று. மயக்கம் கொடுக்க மாட்டார்களாம், கண் மட்டும்தான் மரத்துப்போகுமாம். முகத்தை மூடிவிடுவார்கள், கையை உள்ளே வைத்துக் கட்டிவிடுவார்கள். நான் யாரிடமும் கேட்க முடியாது, யாரிடமும் சொல்ல முடியாது. வலித்தால் எப்படிச் சொல்வது? அவர்கள் முடித்துவிட்டார்கள் என்று எப்படித் தெரியும்? உள்ளங்கையால் தலைக்கு மேலே கிணறு மூடுவதுபோல் காட்டினாள். உள்ளே நான் ஒருத்திதான் என்றாள்.

எனக்கும் பயமாக இருந்தது. ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய்வரை வந்தது. எங்கள் பாஷையில் அந்தச் சொல்லுக்குக் கையே எழவில்லை. முரளியிடம் டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தவர் ஒரு அம்மா. அவசரத்தில் இருந்தார், ஆனால் போனைக் கையில் வாங்கினார்.

"சார், டைம் இல்ல. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க அவங்களுக்கு."

"மேடம், அவ கண்ணாலதான் கேக்கறா, கையாலதான் பேசறா. நீங்க மூஞ்சிய மூடி கையக் கட்டிட்டா, காதயும் வாயயும் சேத்துக் கட்டுன மாதிரி. ஒரு கைய மட்டும் துணிக்கு வெளிய உடுங்க. அத்த ஒரு நர்ஸம்மா புடிச்சிக்கட்டும்."

"கை அசைஞ்சா கண்ணு போயிடும் சார்."

"புடிச்சிருந்தா அசைக்க மாட்டா மேடம். புடிக்கலன்னாதான் அசைப்பா."

அவர் கொஞ்சம் யோசித்தார். நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். "சரி. வலது கை வெளிய இருக்கட்டும்" என்றார்.

பிறகு டாக்டரம்மா, நர்ஸ், போனில் நான் என்று மூன்று பேரும் புஷ்பாவோடு சேர்ந்து ஏற்பாடு செய்தோம். நர்ஸ் உள்ளங்கையை ஒருமுறை அழுத்தினால், எல்லாம் சரியாகப் போகிறது. மணிக்கட்டிலிருந்து விரல்வரை தடவினால், முடியப் போகிறது. புஷ்பாவுக்கு வலித்தால் அவள் நர்ஸின் கட்டை விரலை அமுக்குவாள், உடனே நிறுத்துவார்கள். நான் ஒவ்வொன்றாகக் காட்ட, நர்ஸ் அவள் கையில் செய்து காட்ட, புஷ்பா தலையாட்டினாள். நடுவில் ஒருமுறை படம் நின்றது. என் உயிரும் நின்றது. லின் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார், படம் வந்தது. சுற்றி நின்ற தொழிலாளிகள் சாப்பாட்டுத் தட்டோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புஷ்பா பெஞ்சை விட்டு எழுந்தாள். சட்டைப் பை இல்லாத ஆஸ்பத்திரி அங்கியில், பை இருக்கும் இடத்தை இரண்டு விரலால் தட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

சாயங்காலம் ஜி.எம். லைனில் வந்தார். "ஏன்யா, டிரையல நடுவுல நிறுத்துனியாமே? அங்கேர்ந்து மெயில் வந்துருக்குது." சொன்னேன். "ரிப்போர்ட்ட நாளைக்கே அனுப்பு. கண்ணு எப்பிடி இருக்குது?" என்றார்.

6. குப்புறப் படுத்த நாட்கள்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருந்தார்கள். அது மேலே எழும்பி விழித்திரையை ஒட்டவைக்க வேண்டுமானால் தலை எப்போதும் கவிழ்ந்தே இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் முகம் தரையைப் பார்த்துத்தான். டாக்டர் சொல்கிறவரைக்கும் நிமிரக் கூடாது. கண்டிகைக்குக் கூட்டிவந்து, நாடாக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, தலைமாட்டில் நாடாவை விலக்கி, நடுவில் ஓட்டையுள்ள தலையணையில் முகத்தைப் பொருத்திவிட்டார்கள்.

கண்ணால் கேட்கிறவளுக்குத் தரையைத் தவிர எதுவும் தெரியாது என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் முரளி இருந்தான், அவன் மனைவி இருந்தாள், அக்கம்பக்கம் வந்துபோனார்கள். யாரிடமும் அவளால் பேச முடியவில்லை. அவள்தான் யோசனை சொன்னாள், கட்டிலுக்குக் கீழே போனை வைக்கச் சொல்லி.

லின் தினமும் வேலை முடிந்து தன் ரிப்போர்ட்டுகளை எழுதுகிற நேரத்தில் அந்த ஹாங்காங் சிம் போனை விசிட்டர் அறை மேஜையில் வைத்துவிட்டுப் போவார். நான் ஹாட்ஸ்பாட் போட்டுக் கூப்பிடுவேன். புஷ்பாவின் முகம் மேலேயிருந்து என்னைப் பார்த்துத் தொங்கும். ஒரு கண்ணில் கட்டு, இன்னொன்று என்மேல். கன்னம் இரண்டும் கீழே சரிந்து வேறு யாரோ மாதிரி இருப்பாள். கட்டிலின் இரண்டு பக்கத்திலிருந்தும் கைகள் இறங்கி வரும். கேமராவுக்குப் பக்கத்தில் என்பதால் அவை பெரிதாகத் தெரியும். விரலில் ஊசி குத்திய தழும்புகூடத் தெரியும்.

அவள் பார்த்த உலகத்தை எனக்குச் சொல்வாள். எல்லாம் பாதம். யார் வந்தாலும் பாதத்தை வைத்துத்தான் அடையாளம். எதிர்வீட்டுக்காரி மெட்டியை மாற்றிவிட்டாள். முரளி சாக்ஸைத் துவைப்பதே இல்லை. ஜாக்கெட்டுக்குத் துணி கொடுத்துவிட்டுப் போன ஒருத்தி, தைத்தாகிவிட்டதா என்று கேட்க வந்து, பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டே நின்றாளாம், கேட்க வெட்கப்பட்டு. அந்தக் கீறலை அவள் நடித்துக் காட்டியபோது விசிட்டர் அறையில் தனியாகச் சிரித்தேன்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்: எனக்கு அது சுகமாக இருந்தது. வீடு முழுக்க ஆட்கள் இருந்தும் அவளுக்குத் தெரிந்த ஒரே முகம் என்னுடையது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஷிஃப்ட்டு, அவளுக்குத் தையல். இத்தனை நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நாங்கள் இருந்ததே கிடையாது. இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, பக்கத்தில் போய் அந்தச் சரிந்த கன்னத்தைக் கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றிருந்தது. ஒவ்வொரு நாளும் அப்படித்தான் இருந்தது. இதுவரை அவள் என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்டாள்: பேசிக்கொண்டிருக்காவிட்டாலும் பரவாயில்லை, உன் வேலையைப் பார், ஆனால் போனை வைத்துவிடாதே. நான் ரிப்போர்ட் எழுதுவேன், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஊருக்குப் போகப்போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். விபிஎன்னை இங்கேயே போட்டுக்கொண்டு போங்கள், அது ஒருநாள் ஏமாற்றும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். உங்கள் சிம்மை உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பைத் தாண்டுவது எப்படி என்று கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். தாண்டிய பிறகு கிடைக்கிற நேரத்தை வீணாக்காதீர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன். போனை முதலில் வைக்கிறவர் நீங்களாக இருக்காதீர்கள்.

மூலையில் நிரம்பாமல் இருந்த பாகத்துக்குக் காற்று வெளியேற வழி வெட்டி, மோல்டு பாஸ் ஆயிற்று. விமானத்துக்கு இன்னும் சில நாள் இருந்தது. அன்று பகலில் புஷ்பாவைச் சோதனைக்குக் கூட்டிப்போய்விட்டு வந்திருந்தார்கள். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுப் போனில் சொல்வதாகச் சொல்லியிருந்தார். வழக்கம்போல் அவள் முகம் எனக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அறைக்குள்ளிருந்து முரளியின் குரல் கேட்டது.

"பாவா, டாக்டரம்மா பேசனாங்க! ஒட்டிகிச்சாம். இனிமே நிமிரலாம்ன்றாங்க."

அவளுக்குக் கேட்கவில்லை. முரளி அவள் முதுகைத் தட்டினான். அவள், சும்மா இரு என்று கையாட்டினாள். சொல்ல வேண்டியவன் நான். கண் ஒட்டிக்கொண்டது, நல்லாயிருக்கிறது என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். விளையாடுகிறாயா என்றாள். இல்லை. எழுந்திரு. தலையைத் தூக்கு. எல்லோரையும் பார்.

அவள் கை என் பக்கம் வந்து திரையை ஒருமுறை தடவியது. பிறகு அவள் முகம் மேலே போயிற்று. கை போயிற்று. தலையணை ஓட்டை வழியாக எங்கள் வீட்டு மின்விசிறி மட்டும் தெரிந்தது.

அறையில் கலகலவென்று சத்தம். முரளியின் மனைவி அழுதாள். நாற்காலி இழுபட்டது. நடுவே புஷ்பாவின் சிரிப்பு, தொண்டையிலிருந்து வரும் அந்தச் சிரிப்பு, அதை அவளே கேட்டதில்லை. அவள் இப்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். எத்தனை நாள் பாக்கி. போன் கீழே கிடப்பது யாருக்கும் ஞாபகமில்லை. சந்தோஷத்தில் என் கண் நிறைந்தது; கூடவே, அவளுக்கு ஒரே முகமாக இருந்த என் இடம் போய்விட்டதே என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

லின் தோளில் பையோடு கதவருகே வந்து நின்றார். மேஜையில் இருந்த தன் போனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், முடிந்ததா என்று தலையசைத்துக் கேட்டார்.

இன்னும் இல்லை என்றேன். அவர் பையை இறக்கி வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எங்கள் வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.